செயலாளரின் ஆண்டறிக்கை: சாலையோர வியாபாரிகள் சங்கம், 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தனியாக மனுக் கொடுத்தால் போதாது, மற்றவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். இந்த ஆண்டு வேலையில் பெரும்பகுதி அதுதான்.

முதலில் நமக்குள் இருந்த இடைவெளியைச் சரிசெய்தோம். தெருவுக்கு இரண்டு பொறுப்பாளர்கள், அதில் ஒருவர் பெண். மீனும் பூவும் விற்கும் அக்காமார் மாலைக் கூட்டத்துக்கு வருவதே இல்லை. அவர்களுக்கு வியாபாரம் சூடுபிடிக்கும் நேரம் அது. கூட்டத்தைப் பிற்பகல் 3 மணிக்கு மாற்றினோம், வந்தார்கள். வாட்ஸ்அப் குழுவில் எல்லாச் செய்தியும் குரல் பதிவாகப் போகிறது. படிக்கத் தெரியாதவர்களும் இப்போது உடனுக்குடன் பதில் சொல்கிறார்கள்.

அடுத்து, குடியிருப்போர் நலச்சங்கம். பல வருஷமாக நம்மேல் புகார் எழுதி வந்தவர்கள் அவர்கள். நேரில் போய்ப் பேசியபோதுதான் அவர்களுடைய கோபம் கடைகள்மேல் இல்லை, குப்பைமேலும் நடைபாதை அடைபடுவதன்மேலும் என்று புரிந்தது. சரி, நடக்க வழி விடுகிறோம், கடை கட்டும்போது குப்பையைக் கூடையில் அள்ளுகிறோம் என்று ஒப்புக்கொண்டு, அப்படியே செய்தும் காட்டினோம்.

அதன் பலன் மழைநீர் வடிகால் வேலையின்போது தெரிந்தது. அதிகாரிகள் முன்னறிவிப்பு இல்லாமல் கடைகளை அகற்றச் சொன்னார்கள், சிலருடைய தள்ளுவண்டிகளையும் தூக்கிக்கொண்டு போனார்கள். 2014ஆம் ஆண்டுச் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி, அகற்றுவதற்கு முன் 30 நாள் அறிவிப்பு தர வேண்டும். பறிமுதல் செய்த பொருளுக்குப் பட்டியல் தர வேண்டும். உரிமை கோரினால் அழுகும் பொருளை அன்றே, மற்றதை இரண்டு வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். இதை எழுதி நாம் கொடுத்த மனுவில் குடியிருப்போர் சங்கமும், ஆட்டோ ஸ்டாண்டுத் தோழர்களும், பக்கத்து ஊர் வியாபாரிகளும் கையெழுத்துப் போட்டார்கள். நமக்கு எதிராகப் புகார் கொடுத்தவர்களே நமக்காக வந்து நின்றதைப் பார்த்த பிறகு அலுவலகத்தில் பேச்சின் தொனியே மாறியது. வண்டிகள் திரும்பின. வேலை முடியும்வரை எதிர்ச் சாரியில் இடமும் கிடைத்தது. அன்று வியாபாரத்தை விட்டுவிட்டு வந்த ஒவ்வொருவருக்கும் சங்கத்தின் நன்றி.

கட்டடக் கடை வியாபாரிகளோடு பேச்சு இன்னும் தொடக்கத்தில்தான் இருக்கிறது. அவர்களுடைய வாடகைச் சுமையையும் நாம் காதுகொடுத்துக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

இனி முக்கியமான விஷயம், நகர விற்பனைக் குழு. அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். எந்த இடத்தில் விற்கலாம் என்பதில் கருத்துச் சொல்லும் மேசை அது. அங்கே நம் ஆள் உட்கார வேண்டுமானால் சாலையோர வியாபாரிகள் கணக்கெடுப்பில் நம் பெயர் இருக்க வேண்டும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது கணக்கெடுப்பு நடக்க வேண்டும் என்கிறது சட்டம். விடுபட்டவர்கள் ஆதார் நகலும் கடையின் போட்டோவும் தெருப் பொறுப்பாளரிடம் இந்த மாதத்துக்குள் கொடுத்துவிடுங்கள். அப்புறம், பெண் வேட்பாளர்களை இப்போதே முன்மொழியக் கேட்டுக்கொள்கிறேன். பக்கத்து ஊர்ச் சங்கங்களோடு பேசிப் பொதுப் பட்டியல் ஒன்று தயாரிக்க வேண்டியிருக்கிறது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்