சிரேன் ஊர் சீமோன் ஐயாவுக்கு ரங்கூனிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள சீமோன் ஐயாவுக்கு,

தோத்திரம்.

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில், இயேசுவின் பாடுகளை நிலை நிலையாகத் தியானிக்கும் சிலுவைப்பாதை செய்யும்போது, ஐந்தாம் நிலையில் அவருடைய சிலுவையைச் சுமந்த உங்களிடம் வருகிறோம். முழங்காலிட்டு எழுந்து, ஒரு செபம் சொல்லி, பாட்டில் ஓர் அடியைப் பாடிக்கொண்டே ஆறாம் நிலைக்கு, இயேசுவின் முகத்தைத் துடைத்த வெரோணிக்காவிடம் போய்விடுகிறோம். வெரோணிக்காவின் பெயர் நற்செய்தியில் எங்குமே இல்லை. நீங்கள் மூன்று நற்செய்திகளில் இருக்கிறீர்கள். ஆனாலும் எங்கள் கோவிலில் அவர் படத்துக்கு முன்னால் மெழுகுதிரி எரிகிறது. உங்கள் படத்துக்கு முன்னால் யாரும் ஏற்றி நான் பார்த்ததில்லை.

அது போகட்டும். எனக்கு வேறொரு மனத்தாங்கல். செபப் புத்தகத்தில் உங்கள் நிலைக்கு, நீங்கள் இயேசுவுக்கு உதவி செய்ததாகத் தலைப்புப் போட்டிருக்கிறார்கள். பிரசங்கத்திலும் அப்படித்தான்: இரக்கம் பொங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்து தோள் கொடுத்தவர் நீங்கள். மாற்கு அப்படி எழுதவில்லை. வயல்வெளியிலிருந்து அவ்வழியே வந்துகொண்டிருந்த உங்களைக் கட்டாயப்படுத்தினார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். லூக்காவும் அதைத்தான் சொல்கிறார். பிடித்து, சிலுவையை உங்கள்மேல் வைத்தார்கள். யோவான் உங்களைப் பற்றி மூச்சே விடவில்லை.

உங்கள் ஊர் சிரேன், இன்றைய லிபியாவில் இருக்கிறது. கிரேக்கர் கட்டிய நகரம். அங்கே யூதர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தார்கள். எருசலேமில் உங்கள் ஊர்க்காரர்கள் கூடும் தொழுகைக்கூடம் ஒன்று இருந்ததைத் திருத்தூதர் பணிகள் சொல்கிறது. நீங்கள் பாஸ்கா திருவிழாவுக்கு வந்தவரா, அங்கேயே குடியேறி வயலைப் பார்த்துக்கொண்டவரா என்பதற்குக் குறிப்பில்லை. எப்படியும் அந்த மண்ணுக்கு வெளியே வேர் உள்ளவர். அவ்வளவு பெரிய கூட்டத்தில் சிப்பாய் ஏன் உங்களைப் பிடித்தான்? பரிந்து பேச ஆளில்லாதவனின் தோள்தான் அதிகாரத்தின் கண்ணில் முதலில் படும். இது என் ஊகம்தான், ஐயா. ஆனால் பர்மாவில் நான்கு தலைமுறையாகப் பிழைத்துக்கொண்டிருக்கிற குடும்பத்தில் பிறந்தவனின் ஊகம்.

உரோமைச் சிப்பாய் வழியில் போகிறவனை நிறுத்தித் தன் மூட்டையைத் தூக்கச் சொல்வது அன்றைக்குச் சகஜம். ஒரு கல் தொலை வரக் கட்டாயப்படுத்தினால் இரு கல் தொலை செல்லுங்கள் என்று மலைப்பொழிவில் இயேசு சொன்னது அதைப் பற்றித்தான். அதைச் சொன்னவருடைய மரத்தையே நீங்கள் தூக்கவேண்டி வந்தது. அந்தப் போதனையை நீங்கள் கேட்டிருப்பீர்களா, தெரியாது. கேட்டிருந்தாலும் அன்றைக்கு அது ஆறுதலாக இருந்திருக்காது.

என் தாத்தாவை இராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஒரு மேஸ்திரி முன்பணம் கொடுத்துக் கப்பல் ஏற்றினார். ரங்கூன் துறைமுகத்தில் அரிசி மூட்டை தூக்கும் வேலை. வாங்கிய கடன் தீரும்வரை தோள் அவருடையது இல்லை. எந்தச் சட்டையானாலும் முதலில் வலது தோளில்தான் கிழியும் என்று பாட்டி சொல்வார். புதுச்சட்டை எடுத்தால் அந்த இடத்தில் முன்கூட்டியே உள்துணி வைத்துத் தைத்துவிடுவாராம்.

பிறகு 1942. ஜப்பானியப் படை வந்தபோது நான்கு ஐந்து லட்சம் இந்தியர்கள் அரக்கான் மலை வழியாகவும் தம்மு வழியாகவும் நடந்தே ஊர் திரும்பப் புறப்பட்டார்கள். வழியில் செத்தவர்களுக்குச் சரியான கணக்கே இல்லை. அதே காலத்தில் மலாயாவிலிருந்து தமிழர்களைக் கொண்டுவந்து 415 கிலோமீட்டர் நீளத்துக்குச் சயாம்-பர்மா ரயில்பாதை போடவைத்தார்கள். 1943 அக்டோபரில் வேலை முடிந்தது. அந்தப் பாதையின் பர்மா முனையான தன்பியூசயாட்டில் நேச நாட்டு வீரர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. தண்டவாளக் கட்டை சுமந்த தமிழனுக்கு அப்படி ஒரு வரிசை கிடையாது. 1964-இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டபோது நடந்ததையும் சொல்லப்போனால் கடிதம் முடியாது.

ஆகவே, சிலுவை சுமப்பது பாக்கியம் என்று யாராவது குரலை உயர்த்தினால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஏற்றியவன் யார் என்று கேட்காமல் சுமந்தவனைப் புகழ்வது, ஏற்றியவனுக்குச் செய்யும் உபகாரம். 2024 பிப்ரவரியில் இங்கே இராணுவ ஆட்சியாளர்கள் கட்டாய இராணுவச் சேவைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அதன் பிறகு எங்கள் பாடகர் குழுவில் ஆண் குரல் குறைந்துவிட்டது. பையன்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதை எழுதமாட்டேன். அவர்களிடம் போய்த் தியாகத்தைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது.

இவ்வளவு கோபம் இருந்தும் உங்களை விட்டுவிட முடியவில்லை. அதற்குக் காரணம் எங்கள் கட்டடத்தில் இருக்கும் ஓர் அக்கா.

நான்காம் மாடியில் ஒரு பர்மியப் பெரியவர் இருக்கிறார். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், பௌத்தர். கால் விளங்கவில்லை. மகன் வெளிநாடு போகும்போது, இரண்டு வாரத்தில் ஏற்பாடு செய்துவிடுகிறேன் என்று சொல்லி வீட்டுச் சாவியை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனான். ஏற்பாடு இன்னும் வரவில்லை. மின்சாரம் இருந்தால்தான் மோட்டார் ஓடும், மோட்டார் ஓடினால்தான் மேலே தண்ணீர். இல்லாத நாட்களில் அக்கா கீழ்த்தொட்டியிலிருந்து இரண்டு பெயின்ட் வாளிகளில் சுமக்கிறார். வாளியின் கம்பி உள்ளங்கையை அறுக்காமலிருக்கப் பழைய லுங்கித் துணியைச் சுற்றிக்கொள்வார். எங்கள் படிக்கட்டு ஏணி மாதிரி செங்குத்து, லிப்ட் கிடையாது. முதல் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்குவார். இரண்டாம் மாடியில் அந்த மகனைத் திட்டுவார், கட்டடம் முழுக்கக் கேட்கும். மூன்றாம் மாடியில் மின்சாரத்தைத் திட்டுவார். நான்காம் மாடிக் கதவைத் திறந்ததும் அந்தக் குரல் அடங்கிவிடும். முழங்கையை நனைத்து இளஞ்சூடு பார்த்து, பெரியவரை நாற்காலியில் உட்காரவைத்து, வீங்கின பாதங்களை விரல் விரலாகக் கழுவித் துடைப்பதை ஒருநாள் வாசலில் நின்று பார்த்தேன். பெரிய வியாழன் சடங்கில் குருவானவர் பன்னிரண்டு பேருக்கு அதைக் கொஞ்சம் அவசரமாகத்தான் செய்வார். இங்கே அவசரம் இல்லை.

பெரியவர் அவரைத் 'தமீ' என்று அழைக்கிறார், மகளே என்று. பெரிய வெள்ளியன்று அக்கா ஒருசந்தி நோன்பு இருப்பது தெரிந்து, தானும் மதியத்துக்குப் பிறகு ஒன்றும் வேண்டாம் என்றார். கேட்டதற்கு, அது பௌத்த சீலம் என்று பதில். மற்ற நாட்களில் மாலை நான்கு மணிக்கு அவருக்கு ரொட்டி வேண்டும்.

அக்காவிடம் ஒருமுறை கேட்டுவிட்டேன், இவர்மேல் அவ்வளவு அன்பா என்று. ஏதோ கெட்ட வார்த்தை சொன்ன மாதிரி என்னைப் பார்த்தார்.

"அன்பாவது ஒன்றாவது. சாவி என்னிடம் இருக்கிறது, அவ்வளவுதான்."

ஐயா, கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய கடிதத்தில் அன்பு பொறுமையுள்ளது, எரிச்சலுக்கு இடம் கொடாது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலை வைத்துத் தேர்வு நடத்தினால் அக்கா இரண்டாம் மாடியிலேயே தோற்றுவிடுவார். ஆனால் நான் சாட்சி: வாளி மேலே போய்ச் சேராத நாள் இல்லை. சாவியைக் கொடுத்தவன் செய்தது அநியாயம். அந்த அநியாயத்தை அவர் நியாயம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அதைத் திட்டிக்கொண்டே, அதற்குச் சம்பந்தமில்லாத ஒரு மனிதரின் பாதத்தைக் கழுவுகிறார். உங்கள் தோளில் மரம் ஏறிய பிறகு நடந்ததும் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று நினைக்கிறேன். சிப்பாய்க்கு நீங்கள் கடன்பட்டவர் இல்லை. முன்னால் தள்ளாடிப் போகிற அந்த மனிதரின் முதுகை மட்டும் நீங்கள் வழியெல்லாம் பார்த்திருப்பீர்கள். கசையடி வாங்கிய முதுகு. யாருக்கும் கிடைக்காத அண்மை அது. உயிரையும் கொடுப்பேன் என்று முந்தின இரவு சொன்ன இன்னொரு சீமோன், பேதுரு, அப்போது எங்கேயோ இருந்தார்.

யாரும் கட்டாயப்படுத்தாமலே போய் நிற்கிறவர்களும் உண்டு. 2021 மார்ச்சில், இராணுவ ஆட்சியை எதிர்த்துப் போராட்டம் நடந்தபோது, வட பர்மாவின் மிச்சினாவில் ஆன் ரோஸ் நு தௌங் என்ற கன்னியாஸ்திரீ, துப்பாக்கியோடு நின்ற போலீசாருக்கு முன்னால் தெருவில் முழங்காலிட்டு, பிள்ளைகளை விட்டுவிடுங்கள், வேண்டுமானால் என் உயிரை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினார். அந்தப் படத்தில் அவருக்கு எதிரே போலீசாரில் இருவரும் முழங்காலிட்டிருப்பார்கள். அது பெரிய அன்பு. என்னால் ஆகாது என்று அறிந்து வணங்குகிறேன். என் வகைக்கு நீங்கள்தான் சரி.

2025 மார்ச் 28-ம் ஒரு தவக்கால வெள்ளி. பகல் ஒரு மணிக்குச் சற்று முன்பு நிலநடுக்கத்தில் மண்டலேயும் சகாயிங்கும் இடிந்து விழுந்தன. மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரமலான் மாதம், வெள்ளித் தொழுகை நேரம். பள்ளிவாசல்களில் எத்தனையோ பேர் மாண்டார்கள். இயந்திரம் வந்து சேருவதற்கு முன்னால் வெறுங்கையால் செங்கல்லை அள்ளியவர்களில் பலர், மாற்கு சொன்ன மாதிரி, அவ்வழியே வந்துகொண்டிருந்தவர்கள்தான்.

இனி ஒரு சங்கடமான விஷயம். உயிர்ப்பு ஞாயிறன்று மகதலா மரியாவுக்குக் காட்சி கிடைத்தது. எம்மாவு சாலையில் இரண்டு பேருக்குக் கிடைத்தது. மறுதலித்த பேதுருவுக்குக்கூடப் பிறகு கடற்கரையில் கரிநெருப்பில் மீனும் அப்பமும் காத்திருந்தன. உங்களுக்கு ஒன்றும் எழுதப்படவில்லை. சுமந்தீர்கள், இறக்கினீர்கள், கதையை விட்டுப் போய்விட்டீர்கள். கல்லறை காலியான சேதி உங்களுக்கு யார் சொன்னார்கள், எப்போது சொன்னார்கள்?

ஆனால் சேதி வந்து சேர்ந்திருக்கிறது. மாற்கு உங்களை அலக்சாந்தர், ரூபு ஆகியோரின் தந்தை என்று அறிமுகப்படுத்துகிறார். படிக்கிறவர்களுக்கு அந்தப் பிள்ளைகளைத் தெரிந்திருந்தால்தானே அப்படி எழுத முடியும்? பவுல் உரோமையருக்கு எழுதிய கடிதத்தின் கடைசியில் ஒரு ரூபுவுக்கு வாழ்த்துச் சொல்கிறார். அவர் தாயார் எனக்கும் தாய் போன்றவர் என்று சேர்த்துக்கொள்கிறார். அது உங்கள் ரூபுதான் என்று பலர் கருதுகிறார்கள். அந்தியோக்கியாவில் கிரேக்கரிடம் துணிந்து நற்செய்தியைப் பேசியவர்களிலும் சிரேன்காரர்கள் இருந்தார்கள். 1941-இல் எருசலேமை ஒட்டிய கிதரோன் பள்ளத்தாக்கில் ஒரு குகைக் கல்லறையைத் திறந்தபோது, சீமோன் மகன் அலக்சாந்தர் என்று பொறித்த எலும்புப் பெட்டி கிடைத்தது. அங்கே கிடைத்த மற்றப் பெட்டிகளிலும் சிரேன் பக்கத்துப் பெயர்கள். உங்கள் மகன்தான் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. இருந்தாலும் அதைப் படித்த அன்று எனக்கு உறவுக்காரர் வீட்டுச் செய்தி கேட்ட மாதிரி இருந்தது.

என் சந்தேகம் இதுதான், ஐயா. அன்று மாலை தோளில் இரத்தக்கறையோடு வீட்டுக்குப் போனபோது ரூபுவின் அம்மாவிடம் என்ன சொன்னீர்கள்? உங்கள் வீட்டில் விசுவாசம் தொடங்கியது உங்களிடமா, அந்தச் சட்டையைத் துவைத்தவரிடமா? பவுலுக்குத் தாயாக இருந்ததை வைத்துப் பார்த்தால் எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை. பவுல் வளர்ப்பதற்குச் சுலபமான பிள்ளை இல்லை. அந்த அம்மாவும் நடுநடுவே சத்தம் போட்டிருப்பார்.

ரூபுவின் தாயாரை நான் மிகவும் விசாரித்ததாகச் சொல்லுங்கள். எங்கள் அக்காவைப் பற்றியும் அவரிடம் சொல்லுங்கள். பெரியவரின் மகன் போன வாரமும் பணம் அனுப்பவில்லை.

இப்படிக்கு,
ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரின் பேரன்