கிட்டாரில் திருகாணி போடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரம்பூரில் 22 வருஷமாகக் கிட்டார் பழுது பார்க்கிறேன். போன மாதம் ஓர் அம்மா, தன் அப்பா வாசித்த கிட்டாரைப் பழைய புடவையில் சுற்றிக் கொண்டுவந்தார். கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் எப்போதோ தூக்கிக்கொண்டதாம். அதை எபாக்சி என்கிற ரசாயனப் பசை தடவி, நாலு இரும்புத் திருகாணி போட்டு யாரோ இறுக்கியிருந்தார்கள். துரு இறங்கி மரம் கறுத்து, முன்பலகை இரண்டு இடத்தில் கீறல் விட்டிருந்தது.

அந்தப் பலகை மூன்று மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. ஆறு எஃகுக் கம்பிகளையும் சுருதி கூட்டினால் ஏறக்குறைய 70 கிலோ இழுவை. அதை உள்ளே ஒட்டியிருக்கும் மெல்லிய கட்டைகளோடு சேர்ந்து தாங்கிக்கொண்டு, அதே சமயம் அதிரவும் வேண்டும். திருகாணி வலிமை தருவதில்லை, பலகையைத்தான் கிழிக்கிறது.

அந்தக் காலத்தில் கையால் கிட்டார் செய்தவர்கள் விலங்குத் தோலிலிருந்து எடுக்கிற வச்சிரம் காய்ச்சித்தான் ஒட்டினார்கள். நம் தச்சர்களுக்கும் தெரிந்த பசைதான். சூடும் ஈரமும் பட்டால் அது இளகும். மெல்லிய தகட்டுக் கத்தியை ஓரத்தில் விட்டு, மரத்தின் ரேகை போகிற பக்கமாகத் தள்ளினால் நார் பிய்யாமல் பிரிட்ஜ் கையோடு வரும். நாளைக்கு இன்னொருவர் பிரித்துச் சரிசெய்ய வழி விட்டு ஒட்டுகிற பசை அது. எபாக்சி அப்படியில்லை. இந்தக் கிட்டாரில் பிரிட்ஜைக் கழற்றவே எனக்கு இரண்டு நாள் ஆனது. ஸ்ப்ரூஸ் மரத்தாலான முன்பலகையின் நார் பட்டை பட்டையாகக் கூடவே வந்தபோது மனசு பதறிவிட்டது. பிய்ந்த இடத்தில் அதே ஜாதி மரச் சிம்புகளை ரேகை பார்த்துப் பதித்துக்கொண்டிருக்கிறேன்.

இதன் பின்பலகை ஈட்டி மரம். நீலகிரியிலும் வயநாட்டிலும் வளர்வது. அமெரிக்காவின் மார்ட்டின் கிட்டார் கம்பெனியே 1969 வாக்கில் பிரேசில் ஈட்டியை விட்டு இதற்குத்தான் மாறியது. அப்படிப்பட்ட மரத்தைக் காயலான் கடைக்குப் போடவும் சிலருக்கு மனசு வருகிறது.

தேவாலயப் பாடகர் குழுக்களுக்கும் பள்ளிகளுக்கும் வீட்டில் பழைய கிட்டார் வைத்திருப்பவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். பிரிட்ஜின் பின்பக்கம் ஒரு காகிதம் நுழைகிற அளவு இடைவெளி தெரிந்தாலே கம்பிகளை உடனே தளர்த்திவிடுங்கள். பசை எதையும் ஊற்றாதீர்கள். தானாகக் கழன்று விழுந்த துண்டு இருந்தால், துளியாக இருந்தாலும், ஓர் உறையில் போட்டுக் கிட்டாரோடு கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கிட்டார் பழுதுபார்ப்பவர்,
பெரம்பூர், சென்னை.