சன்மானம் அல்ல, உரிமை

ஆசிரியர் அவர்களுக்கு,

பாலஸ்தீனம் பற்றிய விவாதங்களில் ‘முதலில் பேச்சுவார்த்தை முடியட்டும், பிறகு பார்க்கலாம்’ என்ற வாதம் தவறாமல் வந்துவிடுகிறது. தன் அரசியல் எதிர்காலத்தை ஒரு மக்களினம் தானே தீர்மானிக்கும் சுயநிர்ணய உரிமை, பேரம் படிந்த பிறகு கொடுக்கப்படும் சன்மானமா என்ன? 1966ஆம் ஆண்டின் இரண்டு ஐ.நா. மனித உரிமை உடன்படிக்கைகளிலும் முதல் பிரிவே அதுதான். இரண்டையும் இஸ்ரேல் 1991இல் ஏற்று உறுதிசெய்திருக்கிறது. இதை ஏனோ யாரும் நினைவூட்டுவதில்லை.

இஸ்ரேல் ஆக்கிரமித்துள்ள மேற்குக் கரையில், கல்கீலியா நகர் அருகே ஜய்யூஸ் என்றொரு கிராமம். இஸ்ரேல் கட்டிய வேலியும் சுவருமான தடுப்பு எழுந்த பிறகு ஊர் ஒருபுறம், விளைநிலத்தின் பெரும்பகுதி மறுபுறம். தன் சொந்த ஒலிவ மரங்களிடம் போக விவசாயி ராணுவத்திடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். வாங்கினாலும் வாயில் திறக்கும் நேரத்துக்குக் காத்து நிற்க வேண்டும். அந்தத் தடுப்பு சட்டவிரோதம் என்று சர்வதேச நீதிமன்றம் 2004இலேயே சொல்லிவிட்டது. 2024 ஜூலை 19 அன்று, ஆக்கிரமிப்புப் பகுதிகளில் இஸ்ரேல் நீடிப்பதே சட்டவிரோதம், கூடிய விரைவில் அதை முடிவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று அதே நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் கூறினர். எதிர்த்தவர்கள் 4 பேர். ‘ஆலோசனைக் கருத்துதானே, யாரையும் கட்டுப்படுத்தாது’ என்று உதறுகிறவர்கள் உண்டு. கருத்து ஆலோசனையாக இருக்கலாம், அது எடுத்துக்காட்டும் சட்டம் அப்படியல்ல.

அதே ஆண்டு செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபை, ஆக்கிரமிப்பை முடித்துக்கொள்ள இஸ்ரேலுக்கு 12 மாதக் கெடு விதித்தபோது 124 நாடுகள் ஆதரித்தன. 1988இலேயே பாலஸ்தீனத்தை அங்கீகரித்த இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. கெடுவும் கழிந்துவிட்டது. நீதிமன்றம் சொன்னதை ஏற்கிறோமா இல்லையா என்பதை வெளியுறவு அமைச்சகம் இப்போதாவது நேரடியாகச் சொல்ல வேண்டும்.

– வாசகர், திருச்சி