கோரிக்கை மனு: ஆற்றம்மன் கருவறைக்குள் சாக்கடை ஏறுவதைத் தடுத்து நிறுத்த வேண்டுதல்

அனுப்புநர்:
ஆற்றம்மன் கோயில் பக்தர்களும் தெருவாசிகளும்,
மைசூர் சாலை, பெங்களூரு.

பெறுநர்:
ராஜகாலுவே (பெரிய மழைநீர்க் கால்வாய்) பராமரிப்புப் பொறுப்பு அதிகாரி அவர்கள்,
பெங்களூரு.

பொருள்: விருஷபாவதி ஆற்றங்கரைக் கோயிலில் மழைக்கு மழை கழிவுநீர் புகுவது, முன்பு கொடுத்த மனுக்களுக்குப் பதில் வராதது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே விஷயத்தைக் கன்னடத்தில் எழுதி ஏற்கெனவே பலமுறை கொடுத்திருக்கிறோம். ஒப்புகைச் சீட்டுகள் எங்களிடம் பத்திரமாக இருக்கின்றன. பதில்தான் ஒன்றுகூட வரவில்லை. தங்களுக்குத் தமிழ் நன்றாக வாசிக்க வரும் என்று தங்கள் அலுவலக ஊழியர் ஒருவர் சொன்னார். ஆகவே கன்னட மனுவின் நகலை மேலே வைத்து, எங்கள் வாயில் வருகிறபடி தமிழிலும் எழுதி அதனுடன் சேர்த்திருக்கிறோம். எங்காவது மரியாதைக் குறைவாகப் பட்டால் மனவேதனையில் எழுதியது என்று பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

இடம் தங்களுக்குத் தெரிந்ததுதான். காலி ஆஞ்சநேயர் கோயிலைத் தாண்டி நாயண்டஹள்ளி பக்கம் போகும்போது, பழைய டயர்க் கடைகளுக்குப் பின்னால் இறங்குகிற சந்து. போன மழைக்காலத்தில் தாங்களே ஜீப்பை மேலே நிறுத்திவிட்டுப் பாதிவரை இறங்கி வந்தீர்கள். கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி திரும்பிவிட்டீர்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தப் பாதிக்குக் கீழே இருப்பதைத்தான் எழுதுகிறோம்.

1. கோயில் சிறியது, மிகப் பழையது. அடித்தளக் கற்களில் எழுத்து இருந்த தடம் உண்டு, படிக்க முடியாதபடி தேய்ந்துவிட்டது. பின்னி மில் வேலைக்கென்று வட ஆற்காட்டிலிருந்து எங்கள் பாட்டன்மார் வந்தபோதே இது பழங்கோயிலாம். உள்ளே சிலை கிடையாது. ஒரு கல் கும்பம் மட்டும்தான். பசவனகுடிப் பெரிய நந்தியின் காலடியில் பிறப்பதாக எல்லோரும் சொல்கிற இந்த ஆறுதான் இங்கே மூலவர். ஆற்றிலிருந்து நீர் மொண்டு கும்பத்துக்கு அபிஷேகம் செய்வார்கள். அந்த நீர் கோமுகி வழியாக வெளியேறி மறுபடி ஆற்றிலேயே சேரும். பூசை என்றால் இவ்வளவுதான். கன்னடக்காரர் பாகினம் (முறத்தில் வைத்த மங்கலப் பொருள்கள்) கொண்டு வருவார்கள், நாங்கள் காப்பரிசி கொண்டு போவோம். இதில் யாருக்கும் எந்தச் சச்சரவும் இருந்ததில்லை.

2. இனிதான் எங்கள் கஷ்டம். படித்துறைக்கு மேல்புறம் பாதாளச் சாக்கடையின் மேன்ஹோல் ஒன்று இருக்கிறது. அதன் பக்கவாட்டுச் சுவர் உடைந்து, பல தெருக்களின் கழிவு குழாயில் போகாமல் நேரே ஆற்றில் விழுகிறது. வெயில் நாளில் அது நாற்றத்தோடு போய்விடும். மழை பிடித்தால்தான் வினை. மேலிருந்து வெள்ளம் வந்து ராஜகாலுவே நிறைந்ததும் சாக்கடைக்குப் போக வழியில்லை. அது கோமுகி வழியாகத் திரும்பி ஏறுகிறது. ஐயா, இதைத் தாங்கள் ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும். அபிஷேக நீர் வெளியேறக் கல்லில் வெட்டிய வாய் வழியாகக் கறுப்புத் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு கருவறைக்குள் வருகிறது. வாசல் வழியாக வந்தால் மணல் மூட்டை போட்டுத் தடுக்கலாம். சாமியின் பீடத்தடியிலிருந்தே வந்தால் எதைப் போட்டுத் தடுப்பது? துணி அடைத்துப் பார்த்தோம், மரக்கட்டை செதுக்கி வைத்துப் பார்த்தோம். அழுத்தத்தில் எல்லாம் தெறித்துவிட்டன. தண்ணீர் வடிந்த பிறகு கும்பத்தைச் சுற்றி என்னென்ன கிடக்கும் என்பதை ஒரு மனுவில் எழுதக் கூச்சமாக இருக்கிறது. பூசாரியம்மா அறுபதைத் தாண்டியவர். அவரும் தெருப் பெண்களும் வாளியால் இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, அதன் பிறகுதான் விளக்கு ஏற்றுகிறார்கள். மறுநாள் மழை பெய்தால் மறுபடியும் அதே வேலை.

3. இப்போது அபிஷேகம் கேன் தண்ணீரில். ஆற்றுக்கே கேன் தண்ணீர் வாங்கி ஊற்றுகிறோம், ஐயா.

4. ஆடிப்பெருக்கு அன்று பெண்கள் தாலிச் சரடு மாற்றிக்கொண்டு, காதோலை கருகமணி வைத்துப் படைத்து, முளைப்பாரியை ஆற்றில் விடுவது வழக்கம். வசதியுள்ளவர்கள் கார் பிடித்து ஸ்ரீரங்கப்பட்டணம் போய்விடுகிறார்கள். மற்றவர்கள் கோயில் வாசலில் ஒரு நீல டிரம்மில் தண்ணீர் நிரப்பி அதில் முளைப்பாரியைக் கரைக்கிறார்கள். தடுப்புச் சுவர் கட்டிய ஒப்பந்ததாரர் படித்துறையின் கீழ்ப்படிகளை இடித்துவிட்டார், இறங்க நினைத்தாலும் வழியில்லை. தூர் வாருகிறோம் என்று ஜேசிபி கொண்டு வந்து அள்ளிய சகதியை அந்தக் கரையிலேயே குவித்துவிட்டுப் போனார்கள். முதல் மழையில் அத்தனையும் உள்ளே சரிந்துவிட்டது. வாரியதற்குப் பில் போட்டிருப்பார்கள், சந்தேகமில்லை.

5. நேரில் வந்து கேட்டால் கிடைக்கும் பதில்: ராஜகாலுவேயில் மழைநீர் ஓடினால் ஓர் அலுவலகம், சாக்கடை ஓடினால் வேறொரு அலுவலகம். அங்கே போனால் இங்கே கையைக் காட்டுகிறார்கள். 2025 செப்டம்பரில் மாநகராட்சியே ஐந்தாகப் பிரிந்தது. எங்கள் பழைய மனுக்கள் எந்தப் பங்கோடு போயின என்று கேட்டால் சொல்வதற்கு ஆள் இல்லை. கருவறையில் நிற்கிற தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வந்து, இதில் மழை இவ்வளவு, மலம் இவ்வளவு என்று பிரித்துக் காட்டினால்தான் கோப்பு நகருமா? சொல்லுங்கள், அதையும் செய்கிறோம்.

6. சின்னக் கோயில், முஜராய் இலாகா (அறநிலையத் துறை) கணக்கிலும் இல்லை, இதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று தங்களுக்குத் தோன்றலாம். கிருஷ்ணராஜசாகர் அணை நிரம்பினால் முதலமைச்சரே போய்க் காவிரிக்குப் பாகினம் விடுகிறார், அரசாங்கமே ஆற்றைக் கும்பிடுகிற மாநிலம் இது. அந்தக் காவிரியைத்தான் தொரேக்காடனஹள்ளியிலிருந்து ஹாரோஹள்ளி, தாதகுணி வழியாக, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தூரம், அரை கிலோமீட்டர் உயரத்துக்குப் பம்பு வைத்து ஏற்றி நமக்குக் குடிக்கக் கொடுக்கிறார்கள். குடித்து, குளித்து, கழுவி விட்டதை விருஷபாவதியில் விடுகிறோம். அது பைரமங்கல ஏரியில் நுரைத்து, அர்க்காவதியில் கலந்து, சங்கமத்தில் திரும்பக் காவிரிக்கே போகிறது. அதற்குக் கீழேதான் ஒகேனக்கல்லும் மேட்டூரும். எங்கள் சொந்தபந்தங்கள் ஆடிப்பெருக்கு அன்று தலை முழுகுவது அந்தத் தண்ணீரில். காவிரித் தண்ணீர் முதல் கட்டமாக இந்த நகரத்துக்கு வந்தது 1974இல். நீர் மாசுத் தடுப்புச் சட்டம் வந்ததும் அதே 1974இல்தான். தண்ணீர் ஐந்தாம் கட்டம்வரை வந்துவிட்டது. சட்டம் எங்கள் சந்துக்குள் இன்னும் இறங்கவில்லை.

7. பணம் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இதே பள்ளத்தாக்கின் கழிவுநீரைச் சுத்திகரித்து நெலமங்கலம், துமகூரு பக்கத்து ஏரிகளுக்கு ஏற்றத் திட்டம் போட்டிருக்கிறீர்கள், நல்லது. சுத்திகரிப்பு நிலையமும் எங்களுக்குக் கீழே, இதே மைசூர் சாலையில்தான் இருக்கிறது. அங்கே போய்ச் சேர வேண்டியது வழியில் உடைந்து சாமியின் காலடியில் கொட்டுகிறது. துமகூருக்குப் போக வழியுண்டு, உடைந்த மேன்ஹோலுக்கு நாலு மூட்டை சிமெண்டுக்கு வழியில்லையா?

8. ஆற்றை மீட்டுக் கொடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை, அது தங்கள் ஒருவர் கையில் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். கேட்பது இவைதான். மேன்ஹோலைச் சரிசெய்து கழிவைக் குழாய்க்குள் திருப்புங்கள். கோமுகி ஆற்றில் சேரும் இடத்தில், தண்ணீர் வெளியே போக மட்டும் திறந்து, உள்ளே தள்ளினால் மூடிக்கொள்கிற ஒருவழிக் கதவு ஒன்று வையுங்கள். பொறியாளரான தங்களுக்கு அது எவ்வளவு சின்ன வேலை என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே சரிந்த சகதியை மறுபடி அள்ளி, லாரியில் ஏற்றி அப்புறப்படுத்துங்கள். தடுப்புச் சுவரில் ஓர் ஆள் இறங்கும் அளவுக்கு வழிவிட்டு, இடித்த படிகளைத் திரும்பக் கட்டிக் கொடுங்கள். சம்பங்கி ஏரியை மூடிக் கண்டீரவா ஸ்டேடியம் கட்டியபோதுகூட, கரகத் திருவிழாவுக்கென்று ஒரு சின்னக் குளத்தை விட்டுவைத்தார்கள் இந்த நகரத்தில். எங்களுக்கு அந்த அளவுகூட வேண்டாம், நாலு படி போதும்.

9. இவை எல்லாவற்றுக்கும் நாளாகும் என்றால், அந்தக் கதவையாவது முதலில் வையுங்கள். மற்றதற்குப் பிறகு அலைகிறோம். கதவு, ஐயா. அது ஒன்று.

ஆடிப்பெருக்குக்கு முன்பாகத் தாங்கள் ஒருமுறை நேரில் வந்து பார்த்து, வேலைக்கு உத்தரவிட வேண்டும் என்று மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம். வருகிற நாளை முன்கூட்டிச் சொன்னால் பூசாரியம்மா சாவியோடு இருப்பார். மழை பெய்த மறுநாள் காலையில் வந்தால் இன்னும் நல்லது. நாங்கள் கழுவுவதற்கு முன்பாக வாருங்கள். வர முடியாவிட்டால், முடியாது என்பதையாவது எழுத்தில் கொடுங்கள். அதை எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆற்றம்மன் கோயில் பக்தர்களும் தெருவாசிகளும்
(கையொப்பங்கள் பின்பக்கம், கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் கைநாட்டு வைத்திருக்கிறார்கள்)