கூடு காலியாகும் வரை பொறுங்கள்

எங்கள் மாவட்டத்தில் கண்மாய் மரங்களை ஏலம் விடும் பொறுப்பில் உள்ள அதிகாரிகளுக்கு வணக்கம்.

போன பங்குனியில் எங்கள் ஊர்க் கண்மாயில் நடந்தது உங்களுக்குத் தெரியும். மனு கொடுத்தோம், படங்களும் இணைத்தோம், திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நின்று ரசீது வாங்கினோம். "மரங்கள் விதிப்படி ஏலம் விடப்பட்டன" என்று பதிலும் வந்தது. ஏலம் விதிப்படி நடந்ததா என்று நாங்கள் கேட்கவே இல்லை. கூட்டில் குஞ்சு இருக்கும்போது மரத்தை ஏன் வெட்டினீர்கள் என்றுதான் கேட்டோம். அதற்கு இன்னும் பதில் இல்லை.

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். மார்கழியில் கூடு கட்டத் தொடங்கியதிலிருந்து கடைசிக் குஞ்சு பறந்து போகும் வரை, கூடு உள்ள கண்மாய் மரங்களை யாரும் தொடக் கூடாது. அதை ஏல நிபந்தனையில் ஒரு வரியாக எழுதுங்கள்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். எட்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊர்ப் பிள்ளைகளைக் கண்மாய்க் கரைக்குக் கூட்டிப் போகிறேன். முதலில் வந்தவர்களில் பாதிப் பேர் கையில் உண்டிவில் இருந்தது. வெள்ளையாக இருந்தால் எல்லாமே அவர்களுக்குக் கொக்குதான். இன்று நத்தைகுத்தி நாரை எது, அரிவாள் மூக்கன் எது, கரண்டிவாயன் எது என்று தூரத்திலிருந்தே சொல்கிறார்கள். எங்களிடம் இருப்பது ஒரே ஒரு பைனாகுலர், அதை முறை வைத்துப் பார்க்கிறார்கள். எந்த மரத்தில் எத்தனை கூடு என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைக்கிறார்கள்.

இந்த வருடம் மஞ்சள் மூக்கு நாரைகள் அதிகம் வந்தன. உச்சி வெயிலில் தாய்ப் பறவை கூட்டின் மேல் சிறகை விரித்துக்கொண்டு அசையாமல் நிற்கும். அந்த நிழலில் குஞ்சுகள் ஒடுங்கிக் கிடக்கும். வெயில் நகர நகரத் தாயும் திரும்பித் திரும்பி நிற்கும். அதைப் பார்ப்பதற்காகவே மதியச் சாப்பாட்டை மறந்து கரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் உண்டு. பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நான் எத்தனை வருடம் கத்தினாலும் இதைச் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது.

அப்புறம் ஒரு சனிக்கிழமை லாரி வந்தது. ரம்பம் வந்தது. நாங்கள் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது ஏழெட்டு மரங்கள் சாய்ந்து கிடந்தன. குஞ்சுகள் சேற்றில் கிடந்தன. வெட்ட வந்தவர்கள் கூலிக்காரர்கள், அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களில் ஒருவர் துண்டை விரித்து நான்கு குஞ்சுகளைத் தூக்கி வந்து எங்களிடம் கொடுத்தார்.

இந்த நாரைக் குஞ்சுகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. பயந்தால் தின்ற மீனைக் கக்கிவிட்டு, செத்தது போல அப்படியே படுத்துக்கொள்ளும். ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைப் பிள்ளைகளுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். மரம் சாய்ந்த அன்று, ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளை, முழங்கால் வரை சேற்றில் இறங்கி, ஒவ்வொரு குஞ்சாகத் தொட்டுப் பார்த்து, "சார், இது நடிக்குதுதானே?" என்று கேட்டுக்கொண்டே போனது. முதல் இரண்டுக்கு ஆமாம் என்றேன். அதற்கு மேல் என்னால் சொல்ல முடியவில்லை. அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்பதையும் நிறுத்திவிட்டது. தொட்டுப் பார்ப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

உயிரோடு இருந்த குஞ்சுகளைக் கூடையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார். பிள்ளைகள் சின்ன மீனாகப் பிடித்துக் கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மரம் இருந்த இடத்துக்கு மேலே பெரிய பறவைகள் இரண்டு நாள் சுற்றிக்கொண்டே இருந்தன.

பறவையின் முட்டைக்குச் சேதம் செய்வதும் கூட்டைக் கலைப்பதும் வேட்டைதான் என்று 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். உண்டிவில்லை வாங்கி வைத்ததே இந்தச் சட்டத்தைச் சொல்லித்தான். நோட்டு எழுதும் பையன் மறுநாள் கேட்டான்: "எங்களுக்கு மட்டும்தான் சார் அந்தச் சட்டமா?" முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் நான். ஒரு பிள்ளையின் கேள்விக்கு முன்னால் அப்படித் தலைகுனிந்து நின்றதில்லை.

சீமைக்கருவேலத்தை அகற்றினோம் என்று ஒரு விளக்கம் காதில் விழுந்தது. சீமைக்கருவேலத்தை அகற்றுவதில் எங்களுக்கு மறுப்பே கிடையாது. அதை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டபோது நாங்களும் அரிவாளோடு கண்மாயில் இறங்கியவர்கள்தான். ஆனால் வெட்டப்பட்டவை நாட்டுக்கருவேல மரங்கள். அதன் காயில் மணி கோத்தது போல விதைக்கு விதை இடுப்பு ஒடுங்கி இருக்கும். சீமைக்கருவேலங்காய் தட்டையாக, ஒரே வாட்டமாக இருக்கும். ஆடு மேய்க்கும் பத்து வயதுப் பிள்ளைக்கு இந்த வித்தியாசம் தெரியும். மரத்துக்கு எண் போட வந்தவர்கள் கொஞ்சம் அண்ணாந்து பார்த்திருந்தால் காயும் தெரிந்திருக்கும், கூடும் தெரிந்திருக்கும்.

அக்டோபர் வந்தால் வன உயிரின வார விழா. பள்ளிக்கூடத்துக்கு வருகிறீர்கள், பறவை படம் வரையச் சொல்கிறீர்கள், சான்றிதழ் கொடுக்கிறீர்கள். பறவைகள் கணக்கெடுப்புக்கு ஆள் வேண்டும் என்றால் எங்கள் பிள்ளைகள் விடியற்காலையில் வந்து நிற்கிறார்கள். இதெல்லாம் நல்ல காரியம், நாங்கள் நன்றியோடுதான் இருக்கிறோம். ஆனால் பிள்ளைகள் எண்ணிக் கொடுத்த கணக்கு உங்கள் அலுவலகத்தில் இருக்கும்போதே அதே மரங்களுக்கு ஏல எண் எப்படி விழுகிறது? மாநிலத்தில் ராம்சர் ஈரநிலங்களின், அதாவது உலக அளவில் முக்கியமானவை என்று அறிவிக்கப்பட்ட ஈரநிலங்களின், எண்ணிக்கை 20ஆக உயர்ந்திருப்பது பெருமைதான். அந்தப் பட்டியலில் இல்லாத எங்கள் கண்மாய் போன்றவற்றிலும் பறவைகள் கூடு கட்டுகின்றன. பலகை நட்ட இடம் எது, நடாத இடம் எது என்று நாரைக்குத் தெரியாது.

இது நடக்காத காரியமும் இல்லை. வேடந்தாங்கல் மக்கள் பறவைகளைச் சுட வந்த வெள்ளைக்கார சிப்பாய்களை எதிர்த்துப் புகார் செய்து, 1798இலேயே கலெக்டரிடம் பறவைகளைக் காக்கும் உரிமை வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் பயிர் செழிக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள், பறவைகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் வீட்டு வாசல் மரத்திலேயே நாரைகள் கூடு கட்டும், தலையில் எச்சம் விழுந்தாலும் யாரும் விரட்ட மாட்டார்கள். அந்த ஊர் பால்பாண்டி, கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து மீன் கொடுத்து வளர்த்தவர். இந்த ஊர்களில் மக்களும் பொறுத்தார்கள், அரசும் துணை நின்றது. எங்கள் ஊரில் பிள்ளைகள் அவர்கள் பங்கைச் செய்துவிட்டார்கள்.

பணத்தை விட்டுக்கொடுங்கள் என்றும் கேட்கவில்லை. மரம் விற்ற பணம் ஊராட்சிக்கும் வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும். முட்டை பொரிய ஏறக்குறைய ஒரு மாதம், குஞ்சு கூட்டை விட்டுப் பறக்க இன்னும் இரண்டு மாதம். அவ்வளவுதான் கேட்கிறோம். மார்ச் 31க்குள் கணக்கு முடிக்க வேண்டும் என்பதற்காகக் குஞ்சுகள் அவசரமாகப் பறக்க முடியாது. மரம் எங்கேயும் போகாது, ஆனியில் வெட்டினாலும் அதே எடைதான் நிற்கும்.

எழுத எழுத வார்த்தை கொஞ்சம் சூடாகிவிட்டது. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களில் பலர் பறவை மேல் அக்கறை உள்ளவர்கள் என்று எனக்குத் தெரியும், அந்த நம்பிக்கையில்தான் எழுதுகிறேன். மறுபடியும் பணிவோடு கேட்கிறேன்: கூடு காலியாகும் வரை மரத்தை வெட்டாதீர்கள். ஏல அறிவிப்புக்கு முன்னால் ஒரு நாள் கண்மாய்க்கு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் நல்லது, பிள்ளைகள் நோட்டோடு இருப்பார்கள். எந்த மரத்தில் கூடு, எதில் இல்லை என்று அவர்களே கூட வந்து காட்டுவார்கள்.

சேற்றில் இறங்கிய அந்தப் பிள்ளை இரண்டு மாதம் கரைப் பக்கம் வரவில்லை. போன வாரம் வந்தது. மழை பெய்து தண்ணீர் ஏறினால் இந்த வருடமும் நாரை வருமா என்று கேட்டது. மிச்சமிருக்கும் மரங்களை எண்ணி நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
கண்மாய்க் கரையிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர்