மகேந்திரனின் மனிதர்கள்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் மாற்றல் வாங்கிக்கொண்டு பக்கத்திலேயே வந்துவிட்டாள் என்று படித்ததும் மனசுக்கு நிறைவாக இருந்தது. பேரனை இனி நினைத்தபோது பார்க்கலாம். இங்கே எல்லோரும் சுகம். எனக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து மட்டும் தொடர்கிறது. இனி படிக்கலாம், டிவி பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னதும் நீ கிளப்பிவிட்ட விஷயத்தைத்தான் கையில் எடுத்தேன். மகேந்திரன் படங்களில் கிடைத்தவற்றையெல்லாம் மறுபடி பார்த்துவிட்டேன்.

'மொத்தம் பன்னிரண்டு படம், அதில் நிற்பது இரண்டே இரண்டு. மற்றதெல்லாம் நம் இளமைக்கால ஆசையில் நாம் தூக்கிப் பிடித்தவை' என்று எழுதியிருந்தாய். உன் கணக்கை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் உன் கேள்வி சரியானது. ஒருவரைப் 'பெரிய இயக்குநர்' என்று நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். எதற்காகச் சொல்கிறோம் என்று யாரும் நின்று யோசிப்பதில்லை. அதிலும் மகேந்திரனைப் பற்றி எல்லோரும் ஒரே வரியைத்தான் சொல்கிறார்கள்: வசனத்தைக் குறைத்தவர், காட்சியால் கதை சொன்னவர்.

எனக்கு அந்த வரி போதவில்லை. குறைவாகப் பேசுகிற படங்கள் அவருக்குப் பிறகு எத்தனையோ வந்துவிட்டன. அவற்றில் பல மனசில் ஒட்டவே இல்லையே. அவர் வசனமே வராமல் வசனத்தைக் குறைத்தவரும் இல்லை. 'தங்கப்பதக்கம்' 1974இல் வந்தபோது சிவாஜி பேசிய வசனத்துக்குத் தியேட்டர் எப்படி அதிர்ந்தது என்று உனக்கே தெரியும். முதலில் நாடகமாக எழுதி, பிறகு படமாக எழுதியவர் இதே மகேந்திரன்தான். கைதட்டல் வாங்குவது எப்படி என்று நன்றாகத் தெரிந்திருந்தும் தனக்கு அது வேண்டாம் என்று வைத்துவிட்டார். 1958இல், காரைக்குடி அழகப்பா கல்லூரியில் படிக்கும்போதே, மேடையில் எம்.ஜி.ஆர். உட்கார்ந்திருக்க, தமிழ் சினிமாவில் காட்டுகிற காதல் வாழ்க்கையில் எங்கே இருக்கிறது என்று பேசிய ஆள் அவர். எம்.ஜி.ஆர். கோபப்படவில்லை. பிற்பாடு 'பொன்னியின் செல்வ'னுக்குத் திரைக்கதை எழுத அழைத்து வைத்துக்கொண்டார். அப்புறம் கதை வசனம், 'துக்ளக்'கில் வேலை, சினிமா விமர்சனம் என்று பல வருஷம் போய், சொந்தமாக இயக்க வந்தபோது நாற்பதை நெருங்கிவிட்டார். தனக்கு எது பிடிக்காது என்பதில் அவ்வளவு தெளிவோடு இயக்க வந்தவர்கள் குறைவு.

சரி, அவரிடம் மட்டும் இருப்பது என்ன? இந்த முறை பார்த்தபோது எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. அவருடைய முக்கியமான மனிதர்கள் கடைசி ரீலில் திருந்துவதில்லை. தாங்கள் யார் என்று அவர்களுக்கே தெரிந்துவிடுகிறது, அவ்வளவுதான். அதற்குப் பிறகும் அவர்கள் அப்படியே இருக்கிறார்கள். நம் சினிமாவில் கெட்டவன் ஒன்று சாவான், இல்லாவிட்டால் காலில் விழுந்து அழுவான். மூன்றாவதாக ஒரு வழியைக் கண்டுபிடித்துக் காட்டியவர் மகேந்திரன்.

'முள்ளும் மலரும்' முடிவை நினைத்துப் பார். மலையில் ஆட்களை ஏற்றி இறக்குகிற வின்ச்சை ஓட்டுகிற காளிக்கு இன்ஜினியரைப் பிடிக்காது. தொழிலாளி முதலாளி சண்டை என்று அதைச் சொல்லிவிட முடியாது. தன்மானமும் முரட்டுத்தனமும் தங்கச்சி வள்ளி மேல் வைத்த உயிரும் ஒன்றாகக் கலந்த வெறுப்பு அது. குடித்துவிட்டு ரோட்டில் கிடந்து லாரியில் கை போகிறது, வேலையும் போகிறது. 'கெட்ட பய சார் இந்தக் காளி' என்று அவன் சொல்வதை நாம் எல்லோரும் வீராப்பு வசனமாகவே ரசித்தோம். இப்போது கேட்டால் அதில் வலிதான் முதலில் காதில் விழுகிறது. தன்னைப் பற்றி அவனுக்கு ஒரு கணக்கு இருக்கிறது, அதை அவனே சொல்லிக்கொள்கிறான். கடைசியில் வள்ளிக்கும் அந்த இன்ஜினியருக்கும் கல்யாணம் என்று வரும்போது ஊரே வள்ளி பக்கம் நிற்கிறது. வள்ளி மட்டும் எல்லோரையும் விட்டு அண்ணனிடம் ஓடி வருகிறாள். அந்த ஒன்று போதும் காளிக்கு. கல்யாணத்துக்குச் சம்மதித்துவிடுகிறான். ஆனால் இன்ஜினியரிடம், 'இப்பவும் உங்களை எனக்குப் பிடிக்கலை' என்கிற அர்த்தத்தில் சொல்லிவிட்டுத்தான் அனுப்புகிறான். வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் மச்சானும் மாப்பிள்ளையும் கட்டிப்பிடித்திருப்பார்கள். வெறுப்பு அப்படியே இருக்க, அதற்கு மேலே ஒரு மனுஷன் எழுந்து நிற்கிறான். 1978இல் இதை ஒரு முதல் படத்தில் எழுதிக் காட்டியவரை வெறும் 'காட்சி மொழி இயக்குநர்' என்று சொன்னால் அது அவருக்குக் குறைவு.

காளியாக நடித்த ரஜினிக்கு அது எவ்வளவு பெரிய படம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பிடித்த இயக்குநர் யார் என்று பாலசந்தரே மேடையில் கேட்டபோது, தன்னை அறிமுகம் செய்தவரை எதிரில் வைத்துக்கொண்டே மகேந்திரன் பெயரைச் சொன்னார். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. காளியைக் கொடுத்தவரை எந்த நடிகர் மறப்பார்?

'உதிரிப்பூக்கள்' பற்றி நாம் ஒத்துப்போகிறோம், அதனால் நீளமாக எழுத வேண்டாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து ஒரு விதையை மட்டும் எடுத்துக்கொண்டு வேறு ஒரு செடியை வளர்த்த படம் அது. சுந்தரவடிவேலு சத்தம் போடாத கொடுமைக்காரன். அடிக்கிற கை தெரிவதில்லை, பேசுகிற தொனியிலேயே வீடு நடுங்குகிறது. நோயாளி மனைவி லட்சுமியாக வந்த அஸ்வினி சமையலறையிலிருந்து எட்டிப் பார்க்கிற பார்வை போதும், எத்தனை வருஷ வாழ்க்கை அது என்று தெரிந்துவிடும். மாமனாராக வந்த சாருஹாசனுக்கு அது முதல் படம் என்றால் நம்ப முடிகிறதா? கடைசியில் ஊரே சேர்ந்து அவனை ஆற்றில் இறங்கச் சொல்கிறது. அப்போது அவன் கெஞ்சவில்லை. இதுவரை நல்லவர்களாக இருந்த உங்களையும் என்னைப் போல ஆக்கிவிட்டேன், நான் செய்ததிலேயே பெரிய தப்பு இதுதான் என்கிறான். ஊரில் ஒருவரிடமும் பதில் இல்லை. தன்னை முழுதாகத் தெரிந்துகொண்ட ஒரே ஆள் அந்தக் கரையில் அவன்தான். பிள்ளைகள் இரண்டும் கரையில் நிற்கின்றன. நமக்கு அவனுக்காக அழ வரவில்லை, ஊரோடு சேர்ந்து சந்தோஷப்படவும் முடியவில்லை. 1979இல் தியேட்டரை விட்டு வெளியே வந்தபோது நீயும் நானும் பேச்சே இல்லாமல் நடந்தது இதனால்தான் என்று இப்போது தோன்றுகிறது.

அந்தப் படத்திலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. மைத்துனியைச் சுந்தரவடிவேலு அவமானப்படுத்துகிற அந்தக் காட்சி. அதுவரை நம் தெருவிலும் இருக்கக்கூடிய ஆளாக இருந்தவன், அந்த இடத்தில் ஊர் அவனைக் கொல்வதற்கு ஒரு காரணம் வேண்டும் என்பதற்காக ஒரு படி கூட்டப்படுகிறான். லட்சுமிக்குச் செய்ததே போதாதா என்று கேட்கத் தோன்றியது. நீ இதை மறுப்பாய், தெரியும். எழுது.

இப்போது உன் கணக்குக்கு வருகிறேன். 'ஜானி'யை நீ கழித்துவிட்டாய். உருவ ஒற்றுமை, போலீஸ் துரத்தல், கொலை என்று அந்தக் கதையில் பாதி சாதாரணச் சரக்கு. அதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் பாடகி அர்ச்சனா தன் ஆசையைச் சொல்லுகிற காட்சி? கேட்டது அவள். ஜானி தயங்குகிறான், தான் அவளுக்குத் தகுதியில்லை என்று அவனுக்குத் தெரியும். அவளோ மேடையில் பாடுகிறவள் என்பதால்தான் தன்னை ஒதுக்குகிறான் என்று எடுத்துக்கொள்கிறாள். இரண்டு பேரும் தங்களையே குறைத்து எடைபோட்டு, அடுத்தவர் சொல்வதைத் தப்பாகக் கேட்கிறார்கள். காதல் காட்சிக்குள் இவ்வளவு தாழ்வு மனப்பான்மையை வைக்க ஒருவருக்குத் துணிச்சல் வேண்டும். ஸ்ரீதேவி அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ செய்திருக்கிறார், தமிழில் எனக்கு இதற்கு மேல் ஒன்று இல்லை. இந்த ஒரு காட்சிக்காகவே படத்தை நான் வைத்துக்கொள்வேன்.

அதே 1980இல் 'நெஞ்சத்தை கிள்ளாதே'. சுஹாசினி ஓடிவருகிற அந்தப் பாட்டையும் ஒளிப்பதிவாளர் அசோக்குமாரின் காலை வெளிச்சத்தையும் மட்டுமே எல்லோரும் பேசுகிறார்கள். தேசிய விருதில் சிறந்த தமிழ்ப் படம், ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு மூன்றும் கிடைத்தன, எல்லாம் நியாயமே. எனக்கு முக்கியம் சுஹாசினி நடித்த விஜியின் பிடிவாதம். மனசு ஒருவனிடம் இருக்க இன்னொருவனைக் கல்யாணம் செய்துகொண்டு, அந்த வீட்டில் ஒட்டாமலே நடமாடுகிறாள். அந்தக் கோபத்தை அழகுபடுத்த அவர் முயலவில்லை, கதாநாயகி என்பதற்காக அவளுக்குச் சலுகையும் தரவில்லை. காளிக்குச் செய்த நியாயத்தையே ஒரு பெண்ணுக்கும் செய்தார்.

ஆக, எனக்கு நான்கு. 'பூட்டாத பூட்டுக'ளையும் சேர்க்க ஆசைதான். பொன்னீலனின் 'உறவுகள்' நாவல் அவர் கையில் எப்படி மாறியது என்று விவரமாகப் பேச வேண்டும். ஆனால் நான் பார்த்த பிரதி அவ்வளவு மங்கல். அதை வைத்து நல்லது கெட்டது எதுவும் சொல்ல மனம் வரவில்லை.

பிறகு ஏன் சரிந்தது? 'நண்டு', 'மெட்டி', 'அழகிய கண்ணே' எல்லாம் 1981, 82க்குள் வந்துவிட்டன. வேகம் அதிகம் என்று நீ சொல்வது உண்மை, 1978இலிருந்து நாலு வருஷத்துக்குள் எட்டுப் படம். ஆனால் நல்ல படங்களும் அதே வேகத்தில் வந்தவைதானே? ஒளிப்பதிவாளர், இசையமைப்பாளர் பெயரைச் சொல்லி முடித்துவிடவும் முடியாது. பாலு மகேந்திரா அவருக்கு முதல் படம் மட்டும்தான் ஒளிப்பதிவு செய்தார், ஆனால் அதற்குப் பிறகும் நல்ல படங்கள் வந்தன. இளையராஜாவோ சுமாரான படங்களுக்கும் அதே உயிரைத்தான் கொடுத்தார். 'மெட்டி' மறந்துபோனாலும் 'மெட்டி ஒலி' காதில் இருக்கிறதே.

என் எண்ணம் இதுதான்: தனக்குள்ளேயே முடிச்சு உள்ள மனிதன் கிடைத்தபோதெல்லாம் மகேந்திரன் உச்சத்தில் இருந்தார். கதையில் நல்லவர்கள் ஒரு பக்கம், கெட்டவர்கள் ஒரு பக்கம் என்று பிரிந்து நின்றபோது அவருக்கு வேலையே இல்லாமல் போனது. 1984இன் 'கை கொடுக்கும் கை'யைப் பார். அதே ரஜினி, கண் தெரியாத மனைவியாக ரேவதி, இருவரும் மனசைத் தொடுகிறார்கள். ஆனால் தொடக்கத்திலேயே இருவரும் தங்கமானவர்கள். துன்பம் எல்லாம் வெளியிலிருந்து வருகிறது. தெரிந்துகொள்ள அவர்களுக்குள் ஒன்றும் மிச்சம் இல்லை. அந்த இடத்தில் மகேந்திரன் எல்லோரையும் போல அனுதாபம் காட்டுகிறார், காட்சியும் எல்லோருடைய காட்சியைப் போல ஆகிவிடுகிறது.

இதற்கு எதிராக நீ 'சாசன'த்தைக் காட்டலாம். கந்தர்வனின் கதை, செட்டிநாட்டுச் சுவீகாரம். பெற்ற வீட்டை விட்டு இன்னொரு வீட்டுக்குப் பிள்ளையாகப் போனவனின் தவிப்பு. அவருக்கென்றே எழுதியது போன்ற முடிச்சு. அப்படியும் படம் எழவில்லை. தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத் தயாரிப்பில் தொடங்கி வருஷக்கணக்கில் இழுத்து, 2006இல்தான் வெளியே வந்தது. அந்த இழுபறி காட்சிகளிலேயே தெரிகிறது, ஒரு மூச்சில் எடுத்த படமாக அது இல்லை. எனக்கு மனசு கனத்துப்போன படம் இது ஒன்றுதான். சரியான கதை அவரிடம் வந்து சேர்ந்தபோது, அதை எடுத்து முடிக்க வேண்டிய வசதியும் காலமும் கைகொடுக்கவில்லை.

2016இல் 'தெறி'யில் வில்லனாக வந்து, குரலை உயர்த்தாமலே மிரட்டினாரே, பார்த்தாயா? சுந்தரவடிவேலுவை எழுதிய ஆள் கடைசியில் தானே அந்தத் தொனியில் பேசியது எனக்குப் பிடித்திருந்தது. இன்னும் இரண்டு படம் இயக்க யாராவது கொடுத்திருக்கக் கூடாதா என்ற ஆதங்கமும் கூடவே வந்தது. 2019 ஏப்ரலில் அவர் போன செய்தி வந்த அன்று நீதான் முதலில் போன் செய்தாய்.

பன்னிரண்டில் நான்கு என்பது உனக்குக் குறைவாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. அந்த நான்கிலும் இருக்கிற மனிதர்களை அவரைத் தவிர வேறு யாரும் எழுதியிருக்க முடியாது என்று உறுதியாக நம்புகிறேன். உன் பட்டியலில் இரண்டாவது எது என்று நீ எழுதவே இல்லையே? 'உதிரிப்பூக்கள்' ஒன்று, சரி. மற்றது காளியா, விஜியா? அதைத் தெரிந்துகொண்டுதான் மேலே சண்டை போட முடியும்.

'நண்டு' படத்தை மட்டும் இன்னொரு முறை பொறுமையாகப் பார்த்துவிட்டு எழுது. அந்த வட இந்தியக் குடும்பத்தை இந்தியிலேயே பேசவிட்டது துணிச்சலா, இல்லை நம்மைப் படத்திலிருந்து தள்ளி வைத்துவிட்டதா என்பதில் எனக்கு இன்னும் ஒரு முடிவு வரவில்லை. நீ இந்தி தெரிந்தவன், உனக்குச் சொல்ல ஏதாவது இருக்கும். 'பூட்டாத பூட்டுகள்' நல்ல பிரதி எங்காவது கண்ணில் பட்டாலும் உடனே சொல்.

தங்கச்சிக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பைச் சொல். முழங்கால் வலிக்கு எண்ணெய் தேய்ப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல் டாக்டரிடம் காட்டிவிடு.

அன்புடன்,
உன் பழைய நண்பன்