ஒத்தைக்கு ஒத்தை

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சு அதிகாரிகள் இருவர் ஒத்தைக்கு ஒத்தை மோதும் ‘தி டூயலிஸ்ட்ஸ்’ படத்தைப் பார்த்துவிட்டு நீ அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டேன். “படம் பார்க்க அழகா இருக்கும்மா, ஆனா சண்டைதான் சப்புனு இருக்கு. எங்க கோச் பார்த்தா ரெண்டு பேரையும் துரத்தி விட்டுருவாரு” என்கிறாய். சனிக்கிழமை விடுதியில் எல்லோருக்கும் அதைப் போட்டுக் காட்டப்போகிறாய் என்றால், அதற்கு முன்னால் இதைப் படித்துவிடு. வாள்சண்டை விளையாட்டில் சேபர் வாள் ஆடுகிற நீயே சப்பென்று இருக்கிறது என்றால் மற்ற பிள்ளைகள் பாதியில் எழுந்து போய்விடுவார்கள்.

நீ பிடிக்கிற சேபர் 500 கிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. நெப்போலியன் காலத்துக் குதிரைப்படை வாள் ஒரு கிலோவுக்கு மேல், வளைந்த அலகு. உனக்கு எதிராளியின் சட்டையில் அலகு பட்டாலே புள்ளிக்கான விளக்கு எரிந்துவிடும். அவர்களுக்குப் பட்டால் வெறும் கீறல்தான். ஆளை நிறுத்த வேண்டுமென்றால் தோளைச் சேர்த்து வீச வேண்டும். வீசினால் விலா திறந்துகொள்ளும், வாளைத் திரும்பக் கொண்டுவர நேரமாகும். அதனால்தான் இருவரும் வாளுக்கு எட்டாத தூரத்திலேயே சுற்றிச் சுற்றி வருகிறார்கள், திடீரென்று பாய்கிறார்கள், உடனே விலகுகிறார்கள். இரண்டு விளக்கும் ஒன்றாக எரிந்தால் புள்ளி யாருக்கு என்று உனக்கு நடுவர் சொல்வார். அங்கே இரண்டும் எரிந்தால் இரண்டு சவப்பெட்டி. சண்டை அமைத்த வில்லியம் ஹாப்ஸுக்கு இது நன்றாகத் தெரியும். நீ தடுமாற்றம் என்று நினைத்தது பயம்.

ரிட்லி ஸ்காட்டின் முதல் முழுநீளப் படம் இது. 1977இல் கான் திரைப்பட விழாவில் சிறந்த முதல் படத்துக்கான பரிசு வாங்கியது. கதை ஜோசப் கான்ராடுடையது. தென் பிரான்சின் சின்னப் பத்திரிகை ஒன்றில் வந்த பத்து வரிச் செய்திதான் தனக்கு விதை என்று அவரே எழுதியிருக்கிறார். இதெல்லாம் அறிமுகத்தில் ஒரு வரிக்கு மேல் வேண்டாம். ஸ்ட்ராஸ்பர்க், 1800, ஹுஸ்ஸார் எனப்படும் பிரெஞ்சு இலகுரகக் குதிரைப்படை, ஃபெரோ, டூபேர் என்ற இரண்டு லெப்டினன்ட்கள் என்று நேராகக் கதைக்குள் போய்விடு.

நீ அவசியம் சொல்ல வேண்டியது, சண்டையின் காரணம். ஃபெரோ மேயரின் உறவுக்காரப் பையனை ஒத்தைக்கு ஒத்தையில் படுகாயப்படுத்திவிடுகிறான். தளபதி, அவனை வீட்டுக் காவலில் வைக்கும்படி டூபேரை அனுப்புகிறார். ஃபெரோவோ ஒரு சீமாட்டியின் வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கிறான். டூபேர் அங்கேயே போய்ச் செய்தியைச் சொல்கிறான். அவ்வளவுதான். பெண்களுக்கு முன்னால் என்னை அவமானப்படுத்திவிட்டாய், எடு வாளை! இந்த அற்ப விஷயத்துக்காக 1816 வரைக்கும் இழுக்கிறது. காரணம் இவ்வளவு அற்பம் என்பதே டூபேருக்குப் பெரிய சிக்கல். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று வாயைத் திறக்கமாட்டான். அவன் வாயைத் திறக்காததால், உள்ளே ஏதோ பெரிய விவகாரம் இருக்கிறது என்று படை முழுக்கப் பேசுகிறது. அப்படிப் பேசப் பேச அவனால் பின்வாங்க முடியாமல் போகிறது.

சட்டப்படி இதெல்லாம் எப்போதோ தடை செய்யப்பட்டதுதான். 1626இல் பிரான்சின் முதலமைச்சர் ரிஷல்யூ ஆணை போட்டு, மறுவருடமே பெரிய வீட்டுப் பிரபு ஒருவரின் தலையை வாங்கினார். ஆனாலும் வழக்கம் நிற்கவில்லை. அழைப்பை மறுத்த அதிகாரியோடு அதன்பின் யாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடமாட்டார்கள். தண்டனையைவிட இதற்குத்தான் பயந்தார்கள்.

ஆக, மறுக்க வழியில்லை. தப்பிக்க மட்டும் வழி உண்டு. படத்தில் ராணுவ மருத்துவர் டூபேருக்குச் சொல்லும் மூன்று யோசனைகளை உன் தோழிகள் காதில் போட்டுவை, படத்தின் எலும்புக்கூடே அதுதான். ஃபெரோ இருக்கும் ஊரில் இராதே. பதவியில் அவனுக்கு ஒரு படி மேலேயே இரு, ஏனென்றால் வேறு வேறு பதவியில் இருப்பவர்கள் மோதக் கூடாது. மூன்றாவது, நெப்போலியன் போனபார்ட்டை நம்பு, ஏனென்றால் நாடு போரில் இருக்கும்போது சொந்தச் சண்டைக்கு இடமில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், டூபேருக்குப் பதவி உயர்வு வரும்போது அவன் முகத்தில் ஏன் நிம்மதி தெரிகிறது என்று புரியும். 1806இல் ஜெர்மனியின் லூபெக் நகரில் ஃபெரோவும் கேப்டனாகி வந்து நிற்கிறான். டூபேர் மேஜராக இன்னும் இரண்டே வாரம். அதுவரை கண்ணில் படாமல் நழுவப் பார்க்கிறான். மாட்டிக்கொள்கிறான்.

ஒவ்வொரு மோதலுக்கும் ஆயுதம் மாறுகிறது, ஆயுதத்தோடு காயமும் மாறுகிறது. முதல் சண்டை சேபர்: முன்கையில் வெட்டு, ரத்தம் நிறைய, ஆபத்து குறைவு. இரண்டாவது ஆக்ஸ்பர்க்கில், மெல்லிய நேர்வாள். அது குத்துவதற்கென்றே செய்தது. வெளியே தெரியும் துளை சின்னது, உள்ளே எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று வைத்தியனுக்கே தெரியாது. நுரையீரலைத் தொட்டிருக்கலாம், நாலு நாள் கழித்துச் சீழ் பிடிக்கலாம். அதனால்தான் அங்கே ஒரே குத்தில் டூபேர் படுத்துவிடுகிறான், சண்டையும் சட்டென்று முடிகிறது.

மூன்றாவது, பாதாள அறையில் மறுபடி கனத்த சேபர். ஸ்காட் அதைத் தொடக்கத்திலிருந்து காட்டவில்லை. களைத்து, வெட்டுப்பட்டு, வாளைத் தூக்கவே முடியாத கட்டத்தில்தான் நம்மை உள்ளே விடுகிறார். பள்ளியில் சொல்லிக்கொடுத்த நிலைகளெல்லாம் போய்விட்டன. வாள் நுனி தொங்குகிறது, வீச்சு தாமதமாக வருகிறது, கடைசியில் கட்டிப்பிடித்து உருள்கிறார்கள். பதினைந்து புள்ளி ஆட்டத்தின் கடைசியில் உன் முன்கை எப்படிக் கடுக்கும் என்று உனக்குத் தெரியும். எடையை இரண்டு மடங்காக்கிக்கொள், நடுவில் ஓய்வும் கிடையாது. இந்த அறையில் வெளிச்சம் மிகக் குறைவு, ஆகவே விடுதிக் கூடத்துக் குழல்விளக்குகளை ஒன்று விடாமல் அணைத்துவிடு.

லூபெக்கில் குதிரை மேல் சண்டை. அதில் சுற்றி வருவதற்கில்லை, இரண்டு குதிரையும் எதிரெதிரே பாய்ந்து கடக்கும் கணத்தில் ஒரே ஒரு வெட்டு. காத்திருக்கும் நேரம்தான் நீளம். பாயும்போது பழைய சண்டைகள் டூபேரின் மண்டைக்குள் துண்டு துண்டாக ஓடும். வெட்டு ஃபெரோவின் நெற்றியில் விழுகிறது. நெற்றித் தோல் கிழிந்தால் உயிர் போகாது, ஆனால் ரத்தம் கொட்டிக் கண்ணை மூடிவிடும், அதோடு ஆட்டம் முடிந்தது. அதற்கப்புறம் டூபேர் தன் குதிரையை ஒரு வண்டிக்கு மேலே தாவவிடுகிறானே, படம் முழுக்க அவன் அவ்வளவு சந்தோஷமாக இருக்கிற இடம் வேறு இல்லை.

கடைசிச் சண்டை கைத்துப்பாக்கி. இதை உன் தோழிகளுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கும். சக்கிமுக்கிக் கல் துப்பாக்கியில் அளந்த மருந்தைக் குழலில் கொட்டி, குண்டைத் துணியோடு வைத்து, கம்பியால் இடித்து இறக்க வேண்டும். பிறகு பக்கவாட்டிலுள்ள சின்னக் கிண்ணியில் கொஞ்சம் மருந்து போட்டு மூட வேண்டும். விசையை இழுத்தால் கல் இரும்பில் உரசி, பொறி கிண்ணியில் விழுந்து, துளை வழியே தீ உள்ளே போனால்தான் வெடி. கிண்ணி மருந்து ஈரமாகியிருந்தாலோ, துளை அடைத்திருந்தாலோ கண்முன்னே பளிச்சென்று எரியும், குண்டு மட்டும் வெளியே வராது. சரியாக வேலை செய்தாலும் இழுப்புக்கும் வெடிக்கும் நடுவே இமைப்பொழுது இடைவெளி உண்டு. அதற்குள் கை அசைந்தால் குறி போச்சு. காட்டுக்குள் வேட்டையாடிக்கொண்டே மறுபடி மருந்து இடிக்க முடியாது. ஆகவே ஆளுக்கு இரண்டு துப்பாக்கி என்றால் ஆளுக்கு இரண்டே குண்டு. ஃபெரோ பொறுமையில்லாமல் இரண்டையும் சுட்டுத் தீர்த்துவிடுகிறான். டூபேர் கையில் குண்டு மிச்சமிருக்கிறது.

அவன் ஏன் சுடவில்லை என்று கட்டாயம் கேட்பார்கள். கருணை என்று சொல்லிவிடாதே, எனக்கு அந்த விளக்கம் பிடிக்கவில்லை. பாக்கிக் குண்டு கையில் இருப்பவனுக்கு எதிராளியின் உயிர் சொந்தம் என்பது அவர்கள் விதி. ஃபெரோ இத்தனை வருடம் எந்த விதியைக் காட்டி இவனை இழுத்தடித்தானோ, அதே விதியை எடுத்து இவன் அவனைப் பூட்டுகிறான்: இனி என் விஷயத்தில் நீ செத்தவன், செத்தவனாகவே நடந்துகொள். சுட்டிருந்தால் ஃபெரோவுக்கு அது வீர மரணமாகப் போயிருக்கும். நெப்போலியன் வீழ்ந்தபின் போட்ட மரண தண்டனைப் பட்டியலிலிருந்து ஃபெரோவின் பெயரை எடுக்கும்படி காவல் அமைச்சர் ஃபூஷேயிடம் போய்க் கேட்டதும் இதே டூபேர்தான், அது ஃபெரோவுக்குத் தெரியவே தெரியாது என்பதையும் நினைவில் வை. அவனிடம் கொஞ்சம் இரக்கமும் இருக்கிறது, அந்த இடத்தில்.

உண்மையில் நடந்ததா என்று யாராவது கேட்டால்: டூபோன், ஃபூர்னியே என்ற இரண்டு தளபதிகளை வைத்துச் சொல்லப்படும் கதை இது. 1794இல் தொடங்கியது, பத்தொன்பது வருடம் நீண்டது, முப்பது மோதல் என்றெல்லாம் சொல்வார்கள். எண்ணிக்கையை நான் நம்பமாட்டேன். ஆட்கள் நிஜம். டூபோன் 1808இல் ஸ்பெயினில் பைலென் என்ற இடத்தில் படையோடு சரணடைந்து பெயரைக் கெடுத்துக்கொண்டவர், 1814இல் பதினெட்டாம் லூயியின் போர் அமைச்சரானவர். ஃபூர்னியே பிறந்த ஊர் தென்மேற்குப் பிரான்சின் சார்லா. படத்தைப் பெரும்பகுதி எடுத்ததும் அந்த சார்லாவைச் சுற்றித்தான்.

இடைவேளை விடுவதானால் லூபெக் முடிந்ததும் விடு, 1812 ரஷ்யப் பனி தொடங்குவதற்கு முன்னால். ஆங்கில வசன வரியை முன்கூட்டியே ஓட்டிப் பார்த்துச் சரியாக வருகிறதா என்று பார்த்துக்கொள், மருத்துவர் பேசுகிற காட்சியில் ஒரு வரி தவறினாலும் பின்னால் புரியாது. முட்டியில் வலி இருக்கிறது என்றாயே, படம் போட்ட மறுநாள் பயிற்சிக்குப் போகாமல் இரு.

அன்புடன்,
அம்மா